ஏழு அருட்சாதனங்களும் ஒரு கோயிலும்: ஆரம்பகால நெதர்லாந்து ஓவியங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கத்தோலிக்கக் கோயிலில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் படங்களில் பாதி விஷயம் பார்த்த உடனே பிடிபட்டுவிடும். குழந்தையின் தலையில் தண்ணீர், நெற்றியில் எண்ணெய், குருவின், அதாவது பாதிரியாரின், கையில் உயரும் அப்பம் என்று எல்லாம் தெரிந்த காட்சிகள்தான். அந்தப் பழக்கம் இல்லாதவர்களுக்கும் கொஞ்சம் விளக்கம் சொன்னால் போதும். 15-ஆம் நூற்றாண்டின் இந்த ஓவியங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் என்னிடம் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் ஒரே அளவில் இருக்காது. எனக்கு மிகவும் பிடித்த படத்தில் கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிட்டேன்.

திருவருட்சாதனம் என்றால் என்ன? அது ஏன் ஏழு?

கண்ணுக்குத் தெரிகிற ஓர் அடையாளத்தின் வழியாக, கண்ணுக்குத் தெரியாத இறையருள் மனிதருக்கு வருகிறது என்பது கத்தோலிக்க நம்பிக்கை. தண்ணீர், எண்ணெய், அப்பம், திராட்சை இரசம், கையை வைத்தல், வாயால் சொல்லும் சம்மதம் ஆகியவை அந்த அடையாளங்கள். இன்றைய தமிழ்ப் பெயர்கள் இவை: திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை (பூசையில் அப்பமும் இரசமும்), ஒப்புரவு (பாவத்தை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுதல்), நோயில்பூசுதல், குருத்துவம் (குருவாகத் திருநிலைப்படுத்துதல்), திருமணம். சின்னக் குறிப்பிடம் என்ற பழைய மறைக்கல்விப் புத்தகம் படித்த பாட்டிமாரிடம் கேட்டால் ஞானஸ்நானம், பாவசங்கீர்த்தனம், அவஸ்தைப்பூசுதல், மெய்விவாகம் என்று சொல்வார்கள். ஏழையும் சேர்த்துத் தேவதிரவிய அனுமானங்கள் என்பார்கள். இந்த ஓவியங்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பழைய பெயர்கள்தான் முதலில் வாயில் வருகின்றன.

ஏழு என்ற கணக்கை 12-ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் பீட்டர் லொம்பார்டு தெளிவாக வரிசைப்படுத்தினார். 1274-இல் லியோன் பொதுச்சங்கம், அதாவது ஆயர்களின் பேரவை, அதை ஏற்றது. 1439 நவம்பரில் ஃபிளாரன்ஸ் பொதுச்சங்கம் ஆர்மீனியத் திருச்சபையோடு செய்துகொண்ட உடன்படிக்கையில், ஏழையும் ஒவ்வொன்றாக விளக்கி எழுதியது. எதைக்கொண்டு செய்வது, என்ன சொல்லிச் செய்வது, யார் செய்வது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. இந்த 1439-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் பார்க்கப்போகிற முக்கியமான படம் அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வரையப்பட்டது.

‘ஆரம்பகால நெதர்லாந்து’ என்றால் இன்றைய நெதர்லாந்து நாடா?

முழுக்க அப்படி இல்லை. அப்போது பர்கண்டி பிரபுக்களின் ஆட்சியில் இருந்த தாழ்நிலப் பகுதிகளைச் சொல்கிறோம். புரூஜ், கென்ட், பிரஸ்ஸல்ஸ், லூவன், டூர்னே ஆகிய நகரங்கள்தான் இந்தக் கதையின் களம். எல்லாமே இன்று பெல்ஜியத்தில் இருக்கின்றன. ஓக் மரப்பலகையின் மேல் எண்ணெய் வண்ணத்தை மெல்லிய படலங்களாக ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசி வரைந்தார்கள். கண்ணாடிப் பாத்திரத்தின் பளபளப்பும் பட்டுத் துணியின் மடிப்பும் கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல வந்தது இந்த முறையால்தான். கண்ணுக்குத் தெரிகிற பொருளின் வழியாக அருள் வருகிறது என்று நம்பிய மக்களுக்கு, பொருளை இவ்வளவு உண்மையாக வரையத் தெரிந்த ஓவியர்கள் கிடைத்தார்கள்.

ஏழையும் ஒரே படத்தில் காட்டிய ஓவியம் எது?

ரோஹிர் வான் டெர் வெய்டன் வரைந்த ‘ஏழு அருட்சாதனங்களின் பீடப்படம்’. பீடப்படம் என்றால் கோயில் பீடத்தின்மேல் வைக்கும் ஓவியம். ரோஹிர் டூர்னேயில் பிறந்தவர். பிரஸ்ஸல்ஸ் நகரத்தின் அதிகாரப்பூர்வ ஓவியராக இருந்து 1464-இல் இறந்தார். இந்தப் படம் 1440-களில் வரையப்பட்டது. இன்று ஆன்ட்வெர்ப் நகரின் அரச நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மூன்று பலகைகள். நடுப்பலகை ஏறக்குறைய 2 மீட்டர் உயரம். பக்கத்துப் பலகைகள் இரண்டும் சுமார் 1 மீட்டர் 20 சென்டிமீட்டர்தான். இந்த உயர வித்தியாசத்துக்குக் காரணம் இருக்கிறது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கோதிக் கோயிலின் உட்புறம் அப்படியே தெரியும். நடுவில் உயரமான நடுக்கூடம், இரண்டு பக்கமும் தாழ்ந்த பக்கக்கூடங்கள். கோயிலுக்குள் படத்தை வைப்பதுதான் வழக்கம், இவர் படத்துக்குள் ஒரு கோயிலையே கட்டிவிட்டார். அந்தக் கோயிலின் ஒவ்வொரு மூலையிலும் ஏதோ ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. இடது பக்கக்கூடத்தில் திருமுழுக்கு, உறுதிபூசுதல், ஒப்புரவு. நடுவில் நற்கருணை. வலது பக்கக்கூடத்தில் குருத்துவம், திருமணம், நோயில்பூசுதல்.

கோயிலுக்குள் ஏன் ஒரு பெரிய சிலுவை நிற்கிறது? சுவரில் மாட்டிய பாடுபட்ட சுரூபமா?

பலரும் முதலில் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அது சுரூபம் இல்லை. உயிரும் சதையுமாக, இயேசு சிலுவையில் அறையப்பட்ட கல்வாரிக் குன்றில் நடந்தது கோயிலின் நடுக்கூடத்திலேயே நடக்கிறது. சிலுவை மேற்கூரை வளைவுகளை எட்டுகிற உயரத்தில் நிற்கிறது. அடியில் மாதா மயங்கிச் சாய்கிறார், யோவான் தாங்கிப் பிடிக்கிறார், பெண்கள் அழுகிறார்கள். கோயிலின் தரை ஓடுகள்மேல்தான் இதெல்லாம். பின்னால் பீடத்தில் ஒரு குரு பூசை (திருப்பலி) செய்துகொண்டிருக்கிறார். பக்கக்கூடத்தில் இருப்பவர்கள் யாரும் சிலுவையைத் திரும்பிப் பார்க்கவில்லை. தங்கள் தங்கள் காரியத்தில் இருக்கிறார்கள்.

ஏழு அருட்சாதனங்களும் எங்கிருந்து வருகின்றன என்ற கேள்விக்கு இறையியல் சொல்லும் பதில், கிறிஸ்துவின் பாடுகளிலிருந்து என்பது. ரோஹிர் அந்த வாக்கியத்தை அப்படியே கட்டடமாக்கிவிட்டார். சிலுவையை எடுத்துவிட்டுப் பாருங்கள், ஒரு கோயிலில் ஏழு சடங்குகள் நடக்கிற சாதாரணக் காட்சி மட்டுமே மிஞ்சும். சிலுவை நின்றால், ஏழும் அதிலிருந்து இரண்டு பக்கமும் வழிந்து ஓடுவது போல ஆகிவிடுகிறது.

சிலுவைக்கு நேர் பின்னால் பீடம் என்பதையும் கவனியுங்கள். நற்கருணையைக் குறிக்கும் தேவதூதரின் ஏட்டுச் சுருளில் புனித அம்புரோசின் பெயரால் ஒரு லத்தீன் வாசகம் எழுதியிருக்கிறது. அதன் பொருள் ஏறக்குறைய இது: இந்த அப்பம் தூய ஆவியின் கையால் கன்னியின் வயிற்றில் பிசையப்பட்டு, பாடுகளின் நெருப்பால் சிலுவையில் சுடப்பட்டது. அடுப்படியில் நிற்கிற எவருக்கும் புரிகிற உவமை. அதைப் படித்துவிட்டு மறுபடி படத்தைப் பார்த்தால், முன்னால் சிலுவையும் பின்னால் அப்பமும் ஒரே கோட்டில் இருப்பது ஏன் என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

ஏழு காட்சிகளையும் எந்த வரிசையில் பார்க்க வேண்டும்?

இடது பலகையின் முன்புறத்தில் தொடங்குங்கள். குழந்தையைத் திருமுழுக்குத் தொட்டிக்குமேல் ஏந்திப் பிடித்திருக்கிறார்கள், குருவும் ஞானப்பெற்றோரும் சுற்றி நிற்கிறார்கள். அங்கிருந்து கண் உள்ளே போகிறது. நடுத்தூரத்தில் ஆயர் பிள்ளைகளுக்கு உறுதிபூசுகிறார். இன்னும் உள்ளே ஒப்புரவு. அப்புறம் நடுப்பலகையின் ஆழத்தில் பீடம். வலது பக்கம் திரும்பினால் ஆழத்தில் குருத்துவம், கொஞ்சம் முன்னால் திருமணம், எல்லாவற்றுக்கும் முன்னால், நம் கைக்கெட்டும் தூரத்தில், சாகக் கிடக்கிறவரின் படுக்கை. பிறப்பும் இறப்பும் நமக்கு மிக அருகில் இருக்கின்றன. வாழ்க்கை ஒரு வாசல் வழியாகக் கோயிலுக்குள் போய், இன்னொரு பக்கமாக வெளியே வருகிறது.

இப்போது கைகளைப் பாருங்கள். இந்தப் படம் முழுக்கக் கைகளின் படம் என்று நான் சொல்வேன்.

உறுதிபூசுதலில் ஆயர் கிறிஸ்மா என்ற புனித தைலத்தைப் பிள்ளையின் நெற்றியில் பூசுகிறார். பூசி முடிந்த பிள்ளைகளின் நெற்றியைச் சுற்றி வெள்ளைத் துணிப்பட்டை கட்டியிருக்கிறது. அடிபட்டுக் கட்டுப்போட்டது போலத் தெரியும், பலரும் அப்படித்தான் கேட்கிறார்கள். பூசிய தைலம் வழிந்து வீணாகாமலும், யாரும் தெரியாமல் துடைத்துவிடாமலும் இருக்க, அந்தக் காலத்தில் இப்படிக் கட்டிவிடுவார்கள். சில நாள் கழித்துக் கோயிலில் அவிழ்ப்பார்கள். எண்ணெய் பட்ட துணியைக் கண்ட இடத்தில் போடுவதில்லை. வழக்கமே மறைந்துபோன பிறகும், இந்தப் படத்தில் அந்தப் பிள்ளைகள் பட்டையைக் கட்டிக்கொண்டு இன்னும் நடந்துகொண்டிருக்கிறார்கள்.

ஒப்புரவில் பாவசங்கீர்த்தனத் தொட்டி இல்லை, நடுவில் கம்பித் தட்டியும் இல்லை. குரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், பாவம் சொல்கிறவர் பக்கத்திலேயே மண்டியிட்டிருக்கிறார், குருவின் கை அவர் தலைமேல் இருக்கிறது. கூண்டு போன்ற தொட்டி 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவியது. மிலான் பேராயர் கார்லோ பொரோமியோ அதற்கு முக்கியக் காரணம். அதற்கு முன்பு இது எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி, யார் காதிலும் விழாதபடி நடந்தது.

திருமணத்தில் மணமக்களின் வலக்கைகள் சேர்ந்திருக்கின்றன. குரு தன் கழுத்தில் போட்டிருக்கும் நீளப்பட்டையால் அந்தக் கைகளைச் சுற்றுகிறார். தாலி கட்டிப் பார்த்த நமக்கு அந்த முடிச்சின் அர்த்தம் உடனே பிடிபடும்.

கடைசியில் அவஸ்தைப்பூசுதல். கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று பாவத்துக்கு வழியாக இருந்திருக்கக்கூடிய ஒவ்வொரு புலனிலும் எண்ணெய் பூச வேண்டும் என்று 1439 ஆவணம் சொல்கிறது. இங்கே விசித்திரமான ஒன்று உண்டு. படுக்கை கோயிலுக்குள் கிடக்கிறது! நோயாளியைக் கட்டிலோடு கோயிலுக்குத் தூக்கி வருவது வழக்கமில்லை, குருதான் எண்ணெயோடு வீட்டுக்குப் போவார். ஆனால் ரோஹிரின் கணக்கில் அந்த வீடும் கோயிலுக்குள்தான் இருக்கிறது. எனக்கு இந்தப் படத்தில் எல்லாவற்றையும்விட ஆறுதல் தருகிற இடம் இது.

அப்படியானால் இதை வரலாற்றுச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாதா?

சடங்கின் விவரங்களுக்கு எடுத்துக்கொள்ளலாம். உடை, கையின் அசைவு, துணிப்பட்டை எல்லாம் கவனமாக வரையப்பட்டவை. ஆனால் ஏழும் ஒரே நேரத்தில் ஒரே கோயிலில் நடப்பது இறையியல், செய்தி அறிக்கை இல்லை.

தேவதூதர்கள் ஏன் ஆளுக்கொரு நிறத்தில் இருக்கிறார்கள்?

ஒவ்வோர் அருட்சாதனத்துக்கும் மேலே ஒரு தேவதூதர், கையில் ஏட்டுச் சுருளோடு மிதக்கிறார். திருமுழுக்குக்கு வெள்ளை. அப்படியே நிறம் மாறி மாறிப் போய், மரணப் படுக்கைக்குமேல் கறுப்பில் முடிகிறது. ஒப்புரவுக்குச் சிவப்பு, நற்கருணைக்குப் பச்சை, திருமணத்துக்கு நீலம். எழுத்துத் தெரியாதவர்கூட நிறத்தை வைத்து ஏழையும் எண்ணிவிடலாம். எழுத்துத் தெரிந்தவருக்குச் சுருள்களில் விவிலியமும் திருச்சபைத் தந்தையரும் இருக்கிறார்கள்.

இதை யார் வரையச் சொன்னார்கள்?

டூர்னே ஆயர் ழான் ஷெவ்ரோ. பர்கண்டி பிரபு நல்ல ஃபிலிப்பின் அரசவையில் மிகுந்த செல்வாக்குள்ளவர். அவருடைய சின்னமும் டூர்னே மறைமாவட்டத்தின் சின்னமும் படத்தின் மேல் மூலைகளில் இருக்கின்றன. உறுதிபூசும் ஆயரின் முகம் அவருடைய முகம்தான். ஆயர் தன்னைச் சிலுவையடியில் மண்டியிட்டிருப்பவராக வரையச் சொல்லியிருக்கலாம், அந்தக் காலத்தில் நன்கொடையாளர்கள் பலர் அப்படித்தான் செய்தார்கள். இவர் வேலை செய்கிற ஆயராகவே நிற்கிறார். உறுதிபூசுவது ஆயரின் கடமை, அந்தக் கடமையைச் செய்கிற நிலையில் தன்னைக் காட்டச் சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது.

19-ஆம் நூற்றாண்டில் ஆன்ட்வெர்ப் மேயராக இருந்த ஃப்ளோரன்ட் வான் எர்ட்போர்ன் இதை வாங்கினார். அவர் தம் சேகரிப்பை நகரத்துக்கே எழுதிவைத்ததால் படம் அங்கே நிலைத்தது.

பீடத்தில் குரு அப்பத்தை உயர்த்துகிறார். ஏன் யாரும் நன்மை வாங்கவில்லை?

நல்ல கேள்வி. நன்மை வாங்குவது என்றால் நற்கருணை அப்பத்தை உட்கொள்வது. இன்று பூசைக்குப் போகிற பலரும் ஒவ்வொரு முறையும் நன்மை வாங்குகிறோம். அந்தக் காலத்தில் சாதாரண மக்கள் ஆண்டுக்கு ஒருமுறை, பாஸ்கா காலத்தில் வாங்கினால் அதுவே பெரிது. 1215-இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் குறைந்தது அந்த ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்து நன்மை வாங்க வேண்டும் என்று விதித்தது. விதிக்க வேண்டி வந்தது என்பதிலேயே நிலைமை தெரிகிறது.

வாங்குவதைவிடப் பார்ப்பது பெரிதாக இருந்தது. குரு மக்களுக்கு முதுகைக் காட்டிப் பீடத்தைப் பார்த்து நிற்பார், மெல்லிய குரலில் லத்தீனில் ஜெபிப்பார். எழுந்தேற்ற நேரத்தில் மணி அடிக்கும், ஓஸ்தி என்ற அந்த வட்ட அப்பம் அவர் தலைக்குமேல் உயரும். எல்லார் கண்ணும் அங்கே போகும். அந்த ஒரு கணத்தைத்தான் ரோஹிர் எடுத்திருக்கிறார். கண்ணால் உண்பது போன்ற அந்தப் பக்தி இருந்த காலத்தில், படம் என்பது வெறும் அலங்காரமாக இருந்திருக்க முடியாது.

நற்கருணைமேல் இந்தப் பகுதிக்கு ஏன் இவ்வளவு பற்று?

நற்கருணைத் திருவிழாவே இங்கேதான் பிறந்தது. லியேஜ் நகரத்தை ஒட்டியிருந்த மடத்துச் சகோதரி ஜூலியானாவின் முயற்சியால், 1246-இல் லியேஜ் ஆயர் தம் மறைமாவட்டத்தில் அந்த விழாவை ஏற்படுத்தினார். 1264-இல் திருத்தந்தை நான்காம் உர்பான் அதைத் திருச்சபை முழுமைக்கும் விரிவாக்கினார். அவரும் முன்பு லியேஜில் பணியாற்றியவர். அதன் பிறகு ஊர் ஊராக நற்கருணைச் சபைகள் தோன்றின. பீடத்துக்குப் படம் செய்விக்கும் பணமும் ஆர்வமும் அந்தச் சபைகளிடம் இருந்தன.

அப்படி ஒரு சபை செய்வித்த படம் ஏதாவது சொல்லுங்கள்.

லூவனில் புனித பேதுரு கோயிலுக்குப் போனால் டிரிக் பௌட்ஸ் வரைந்த நற்கருணைப் பீடப்படம் இன்றும் அங்கேயே இருக்கிறது. ஒரு படம் எந்தக் கோயிலுக்காக வரையப்பட்டதோ அதே கோயிலில் 550 ஆண்டுகளுக்குப் பிறகும் இருப்பது அரிது.

1464 மார்ச் 15 தேதியிட்ட ஒப்பந்தம் இருக்கிறது. சபையின் நான்கு பேர் ஒரு பக்கம், ஓவியர் மறுபக்கம். கூலி 200 ரைன் கில்டர். இந்த வேலை முடியும்வரை வேறு படம் எடுக்கக் கூடாது. லூவன் பல்கலைக்கழகத்தின் இறையியல் பேராசிரியர்கள் இருவர், யான் வாரனாக்கர், கிலிஸ் பாய்லுவெல், எதை எப்படிக் காட்ட வேண்டும் என்று ஓவியருக்கு எடுத்துச் சொல்வார்கள். 1468-இல் பௌட்ஸ் தமக்கு முழுக்கூலியும் வந்துவிட்டது, திருப்தி என்று எழுதிக் கொடுத்தார்.

நடுவில் இராவுணவு. அதற்கு முன்பு இராவுணவை வரைந்தவர்கள் பெரும்பாலும் ‘உங்களுள் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான்’ என்று இயேசு சொல்லும் கணத்தைத்தான் எடுத்தார்கள். யூதாஸ்மேல் கண் போகும், மேசையைச் சுற்றிப் பரபரப்பு இருக்கும். பௌட்ஸின் அறையில் அமைதி. இயேசு வலக்கையை உயர்த்தி ஆசீர்வதிக்கிறார், இடக்கையில் கிண்ணத்துக்குமேல் ஓஸ்தி. ஒரு குரு பீடத்தில் செய்கிற அதே அசைவு. முதல் பூசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அறையின் கோடுகள் எல்லாம் இயேசுவின் தலைக்குமேல் அடுப்பு மாடத்தின் நடுவில் ஒரே புள்ளியில் போய்ச் சேர்கின்றன. வடக்கத்திய ஓவியத்தில் இவ்வளவு சுத்தமான ஒற்றைப்புள்ளிப் பார்வைக்கோணம் வந்த முதல் படங்களில் இது ஒன்று. பார்வையாளரின் கண்ணை அந்த அப்பத்துக்குக் கொண்டுபோக அந்தக் கணிதம் முழுக்க உழைக்கிறது.

இரண்டு பக்கமும் பழைய ஏற்பாட்டிலிருந்து நான்கு காட்சிகள். ஆபிரகாமுக்கு அப்பமும் இரசமும் கொண்டுவரும் மெல்கிசெதேக்கு, பாஸ்கா உணவு, பாலைவனத்தில் மன்னா பொறுக்குதல், பசியில் கிடக்கும் எலியாவைத் தேவதூதர் எழுப்பி உண்ணச் சொல்வது. நான்கிலும் உணவு, நான்கும் நடுவில் இருக்கும் மேசையை நோக்கிய வழி. இந்தப் பக்கப் பலகைகள் பிற்காலத்தில் விற்கப்பட்டு ஜெர்மனிக்குப் போய்விட்டன. முதல் உலகப்போருக்குப் பிறகு வெர்சாய் உடன்படிக்கையின் 247-ஆம் பிரிவு அவற்றைத் திருப்பித் தரச் சொன்னது. இரண்டாம் உலகப்போரில் மறுபடியும் எடுத்துச் செல்லப்பட்டு மறுபடியும் திரும்பின.

இந்த மரபு தாழ்நிலத்துக்கு வெளியே போனதா?

போனது. கென்ட் நகரத்து ஓவியர் யோஸ் வான் வாஸன்ஹோவ இத்தாலியின் உர்பினோவுக்குப் போய், அங்கிருந்த நற்கருணைச் சபைக்காக 1470-களின் தொடக்கத்தில் ‘அப்போஸ்தலர்களின் நன்மை’ என்ற பெரிய படத்தை வரைந்தார். அதில் இயேசு மேசையில் உட்காரவே இல்லை. எழுந்து நடந்து, மண்டியிட்ட சீடரின் வாயில் அப்பத்தை வைக்கிறார். உர்பினோவின் பிரபு ஃபெடரிகோவும் ஓரமாக நின்று பார்க்கிறார்.

யான் வான் எய்க் வரைந்த அர்னோல்ஃபினி தம்பதியர் படம் திருமண அருட்சாதனத்தைக் காட்டுகிறதா?

1434-இல் வரைந்த படம், லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. ஓர் அறையில் ஆணும் பெண்ணும் கைகோத்து நிற்கிறார்கள். பின்சுவரில் ‘யான் வான் எய்க் இங்கே இருந்தார்’ என்று லத்தீனில் எழுதியிருக்கிறது. 1934-இல் கலை வரலாற்றாளர் எர்வின் பனோஃப்ஸ்கி இது திருமணத்துக்குச் சாட்சிப் பத்திரம் போன்றது என்று வாதிட்டார். வாதத்துக்கு அடிப்படை உண்டு. குரு இல்லாமலே, இருவரும் வாயால் சம்மதம் சொன்னாலே அப்போது திருமணம் செல்லும். மணமக்கள்தான் ஒருவருக்கொருவர் அந்த அருட்சாதனத்தை வழங்குகிறார்கள் என்பது லத்தீன் திருச்சபையின் போதனை. குருவும் சாட்சிகளும் கட்டாயம் என்ற விதி 1563-இல் திரிதெந்தின் பொதுச்சங்கத்தில்தான் வந்தது.

ஆனாலும் இன்று ஆய்வாளர்கள் பலர் பனோஃப்ஸ்கியின் முடிவை ஏற்பதில்லை. என் கருத்தும் அதுதான். ஆண் தன் இடக்கையால் பெண்ணின் வலக்கையைப் பிடித்திருக்கிறார். ரோஹிரின் படத்தில் வலக்கைகள் சேர்கின்றன, குருவின் பட்டை சுற்றுகிறது. திருமணத்தைக் காட்ட விரும்பிய ஓவியர் எப்படிக் காட்டுவார் என்பதற்கு அந்தப் படமே பதில்.

சடங்கே இல்லாத படங்களிலும் அருட்சாதனம் ஒளிந்திருக்கிறது என்கிறார்களே?

ஒளிந்திருக்கிறது என்று சொல்வதைவிட, அந்தக் காலத்தவருக்கு வெளிப்படையாகவே இருந்தது என்று சொல்லலாம். ஹூகோ வான் டெர் ஹூஸ் வரைந்த போர்ட்டினாரி பீடப்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1483-இல் ஃபிளாரன்ஸுக்கு வந்துசேர்ந்த மாபெரும் படம், இன்று உஃபிட்ஸியில் இருக்கிறது. இயேசு பிறப்புக் காட்சி. குழந்தை தொட்டிலிலும் இல்லை, தாயின் மடியிலும் இல்லை, வெறும் தரையில் கிடக்கிறது. முன்னால் ஒரு கோதுமைக் கதிர்க்கட்டு. பெத்லகேம் என்ற சொல்லுக்கே எபிரேயத்தில் அப்பத்தின் வீடு என்று பொருள். சுற்றிலும் தேவதூதர்கள் பூசைக்கான உடுப்புகளில், பூப்பின்னிய நீள மேலங்கிகளில் மண்டியிட்டிருக்கிறார்கள். எல்லாமே குருவுக்குத் துணைநிற்பவர்களின் உடைகள். பலி ஒப்புக்கொடுக்கும் குரு அணிகிற மேலுடை மட்டும் யார்மேலும் இல்லை. அந்த இடம் தரையில் கிடக்கும் குழந்தைக்குரியது. குருவும் அவர்தான், பலியும் அவர்தான்.

1432-இல் முடிந்த கென்ட் பீடப்படத்திலும் இதே எண்ணம்தான். பீடத்தின்மேல் கிறிஸ்துவைக் குறிக்கும் செம்மறி நிற்கிறது, அதன் மார்பிலிருந்து இரத்தம் பூசைக் கிண்ணத்தில் பாய்கிறது.

ரோஹிரைப் பின்பற்றி வேறு யாராவது ஏழையும் வரைந்தார்களா?

பிரஸ்ஸல்ஸில் ரோஹிருக்குப் பிறகு நகர ஓவியரான ஃப்ராங்க வான் டெர் ஸ்டொக்ட் வரைந்த ‘மீட்பின் பீடப்படம்’ மாட்ரிட் பிராடோவில் இருக்கிறது. அதில் சிலுவை ஒரு கோயில் வாசல் வளைவுக்குள் நிற்கிறது. அருட்சாதனங்கள் அந்த வாசலைச் சுற்றிக் கல்லில் செதுக்கியது போலச் சாம்பல் நிறத்தில் வரையப்பட்டிருக்கின்றன, நற்கருணை மட்டும் உள்ளே பீடத்தில் நடக்கிறது. அழகான வேலைதான், ஆனால் ரோஹிரின் கோயிலில் இருக்கிற மனித வெப்பம் கல்லில் குறைந்துவிடுகிறது. திரைச்சீலைகளிலும் நெய்தார்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள துண்டுகளில் மேலே பழைய ஏற்பாட்டு முன்னடையாளமும் கீழே அருட்சாதனமும் வருகின்றன. திருமுழுக்குக்கு மேலே, தொழுநோய் தீர யோர்தானில் மூழ்கும் நாமான்.

ஏன் இப்படிப்பட்ட படங்கள் இவ்வளவு குறைவாகவே மிஞ்சின?

1566-இல் தாழ்நிலப் பகுதி முழுக்கப் பரவிய புராட்டஸ்டன்ட் சிலை உடைப்பில் கோயில்களின் படங்களும் சுரூபங்களும் கூட்டம் கூட்டமாக அழிந்தன. சண்டையின் மையமே அருட்சாதனங்கள்தான். அவை ஏழா, இரண்டா? அப்பம் உண்மையில் மாறுகிறதா? புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் 1520-லேயே ஏழு என்ற கணக்கை மறுத்து எழுதிவிட்டார். கென்ட் பீடப்படத்தை ஆட்கள் வருவதற்குள் கோபுரத்தில் ஏற்றி மறைத்துக் காப்பாற்றினார்கள். எல்லாப் படத்துக்கும் கோபுரம் கிடைக்கவில்லை.

நேரில் போக முடியாதவர்கள் எதிலிருந்து தொடங்கலாம்?

ஆன்ட்வெர்ப் அருங்காட்சியகம் நீண்ட புதுப்பிப்புக்குப் பிறகு 2022-இல் மறுபடி திறந்தது. போக முடிந்தால் போய்ப் பாருங்கள். முடியாதவர்கள் இணையத்தில் ரோஹிரின் படத்தை எடுத்து, முழுப்படத்தையும் ஒரே மூச்சில் பார்க்காமல் இடது பலகையைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். ஆயரைக் கண்டுபிடியுங்கள். அவரைவிட்டு நகர்ந்து போகிற பிள்ளைகளின் நெற்றியில் அந்த வெள்ளைப் பட்டை தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், அங்கிருந்து மெதுவாக அடுத்த காட்சிக்குப் போகலாம்.